18 கோடி டாலரில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: அட்லாண்டாவில் எச்-1பி விசாவில் ஐடி வேலை பார்க்கிறேன். சம்பளம் வருடத்துக்கு 1,42,000 டாலர். ஒரு ஸ்டார்ட்-அப் நான்கு வருடத்துக்கு மொத்தம் 8 லட்சம் டாலர் என்கிறது. சம்பளம் வருடம் 1,30,000, சேரும்போது போனஸ் 30,000, மீதி 2,50,000-க்குப் பங்குகள். இதை நம்பி வீடு வாங்கலாமா? 2024-இல் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபால்கன்ஸுக்கு வந்த குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) கர்க் கசின்ஸ், கோடிகளில் சம்பாதித்தும் பழைய வேன் ஓட்டியவராம். அவர் மாதிரி சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: வேன் கதை உண்மைதான். பாட்டியிடம் 5,000 டாலருக்கு வாங்கிய, ஒடுக்கு விழுந்த வண்டி. வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கென்றே பிறந்த கதை. ஆனால் உங்கள் நண்பர் பார்க்க வேண்டியது அவருடைய வேனை இல்லை, ஒப்பந்தத்தை.

ஃபால்கன்ஸ் ஆடும் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எப்.எல்-இல் பெரும்பாலான ஒப்பந்தங்களின் தலைப்புத் தொகை வெறும் விளம்பரம். அணி நினைத்தால் வீரரை இடையிலேயே கழற்றிவிடலாம். உத்தரவாதம் இல்லாத வருடங்களின் சம்பளம் அத்தோடு போச்சு. கசின்ஸ் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரத் தேர்வில், 2012-இல் வாஷிங்டன் அணி அவரை நான்காவது சுற்றில்தான், 102-ஆவது ஆளாக, எடுத்தது. அதே அணி அதே வருடம் இரண்டாவது ஆளாக எடுத்த இன்னொரு குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின்தான் நட்சத்திரம். காத்திருந்து இடத்தைப் பிடித்த கசின்ஸ், 2016-லும் 2017-லும் நீண்ட ஒப்பந்தத்துக்குள் போகாமல் ஒரு வருட ஒப்பந்தத்திலேயே ஆடினார். அந்த இரண்டு வருடச் சம்பளமும் முழு உத்தரவாதம், சேர்த்து ஏறக்குறைய 4 கோடியே 39 லட்சம் டாலர். 2018-இல் மினசோட்டா வைகிங்ஸிடம் 3 வருடத்துக்கு 8 கோடியே 40 லட்சம், அதுவும் முழு உத்தரவாதத்தோடு.

2023 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தது. அப்படியும் மறு வருடம் ஃபால்கன்ஸ் 4 வருடத்துக்கு 18 கோடி என்று கையெழுத்துப் போட்டது. அதில் உத்தரவாதம் 10 கோடி. அடுத்த மாதமே அணி அந்த வருடத் தேர்வின் முதல் சுற்றில் இன்னொரு குவார்ட்டர்பேக்கை, மைக்கேல் பெனிக்ஸை, எடுத்தது. டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சுக்குப் போனார். மானம் போயிருக்கலாம், 10 கோடி போகவில்லை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நேரத்தில் விற்க முடியாது. வீட்டுக் கடன் தரும் வங்கியும் அதை வருமானமாக எடுத்துக்கொள்ளாது. அதைத் தள்ளிவிட்டால் என்ன மிச்சம்? வருடம் 12,000 வீதம் நான்கு வருடத்தில் 48,000 குறைகிறது, போனஸாக வருவது 30,000. ஆக, 18,000 டாலரைக் கையை விட்டுக் கொடுத்துப் பங்கு வாங்குகிறீர்கள். நிறுவனத்தை நம்பினால் தவறில்லை, ஆனால் அது சம்பள உயர்வு இல்லை, முதலீடு.

சம்பளமும் உத்தரவாதம் இல்லை. அங்கே நாளைக்கே காரணம் சொல்லாமல் அனுப்பலாம். எச்-1பி-யில் வேலை போனால், வேறு வேலை பிடிக்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான். தவணை கட்ட வேண்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த 60 நாளை எண்ணுவது எவ்வளவு சிக்கனக்காரருக்கும் கஷ்டம்.

அதனால் வீட்டைத் தள்ளிப் போடுங்கள். ஆறு மாதச் செலவு சேமிப்பில் இருந்தால் மட்டும் இந்த வேலையை யோசியுங்கள். போவதென்றால், அவர்களாக வேலையை விட்டு அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம் தர வேண்டும், போனஸைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், நிறுவனத்தில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்றும் விசாரியுங்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லிச் சமாளித்தால் இப்போதுள்ள வேலையிலேயே இருங்கள்.