ஆமை மூளையைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. படிக்கும் மகள் 'ஊர்வன மூளையில் கேட்கும் பாதை' என்று ஒரு புராஜெக்ட் எடுத்திருக்கிறாள், இதற்கு எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: அந்தத் தலைப்புக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். அதில் அவள் கை பழகும் வேலைக்குக் கொடுப்பார்கள்.

நரம்பு செல் இயங்கும்போது கால்சியம் உள்ளே பாயும். அதைப் பிடித்துவைக்கும் புரதங்களில் பார்வல்புமின், கால்பைண்டின், கால்ரெட்டினின் மூன்றும் ஆய்வாளர்களுக்கு அடையாளக் குறிகள். காதிலிருந்து வரும் செய்தி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி வழியாக நடுமூளைக்கும், அங்கிருந்து தலாமஸ் என்ற இடைநிலையத்துக்கும் போகிறது. அங்கெல்லாம் எந்தப் புரதம் எங்கே அதிகம் என்று பார்த்தால், நடுவே ஒரு மையமும் அதைச் சுற்றி ஒரு பட்டையும் பிரிந்து தெரிகின்றன. ஆமைகளில் இதைக் காட்டி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். பாலூட்டிகளிலும் இந்த மாதிரி அமைப்பு உண்டு. ஆமைகளின் முன்னோரும் பாலூட்டிகளின் முன்னோரும் பிரிந்து சுமார் 30 கோடி ஆண்டு ஆன பிறகும் இந்த ஒற்றுமை எப்படி என்பதுதான் கேள்வி. எனக்கு இது வீண் கேள்வியாகப் படவில்லை.

லேபில் அவள் கையால் செய்வது வேறு. மூளையை உறையவைத்து 40 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும், ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியில் இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும், அது ஒட்டிய இடத்தில் நிறமேற்றி, பழுப்பேறிய செல்களை எண்ண வேண்டும். பாலூட்டிப் புரதத்துக்காகச் செய்த ஆன்டிபாடி ஆமையிலும் சரியானதைத்தான் பிடிக்கிறதா என்ற சந்தேகம் கூடவே இருக்கும். சோதனைக்காக அந்த ஆன்டிபாடி போடாமல் விட்ட சீவலிலும் நிறம் ஏறிவிட்டால் அந்த ரவுண்டே குப்பை. புற்றுநோய் பயாப்சி லேப், மருந்து கம்பெனிகளின் நச்சியல் பிரிவு, மனித மூளையைச் சீவிப் படமெடுக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மையம் எல்லாவற்றுக்கும் இந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சுமார்தான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பி.எச்டி. முடிக்கப் பெரும்பாலும் 5 ஆண்டு ஆகிவிடும். நிரந்தரப் பேராசிரியர் வேலை அதற்கப்புறமும் நிச்சயமில்லை. அதை நம்பி மட்டும் கடன் வாங்காதீர்கள்.

மனிதர்களின் காதுதான் அவளுக்கு ஆர்வம் என்றால் ஆடியாலஜி (செவித்திறன் சோதனை, சிகிச்சை) தனிப் படிப்பு, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற இளநிலைப் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்போது அது திரும்பிப் போகும் வழி.

கையெழுத்துப் போடுமுன் கைடிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா? நம் நாட்டு ஆமைகள் பலவற்றுக்கு 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அடுத்து, அந்த லேபில் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?