போட்டோ லைப்ரரி கெட்டுப்போச்சு, பாதி படம் சாம்பலா வருது, மீட்க முடியுமா?

கேள்வி: மேக்ல போட்டோஸ் ஆப் திறந்தா லைப்ரரியை ரிப்பேர் பண்ணச் சொல்லுது. சில படம் சின்னதா பார்க்க நல்லா இருக்கு, பெருசா திறந்தா கீழ்ப்பாதி சாம்பல். எல்லாமே எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கு. மீட்க வழி இருக்கா, இனிமே வராம இருக்க என்ன பண்றது?

பதில்:

மொதல்ல அந்த ரிப்பேர் பட்டன்ல கை வைக்காதீங்க. வேற டிஸ்க் ஒண்ணு எடுத்து முழு லைப்ரரியையும் அப்படியே காப்பி பண்ணுங்க, ரிப்பேரோ ரெக்கவரியோ எதுவா இருந்தாலும் அந்த காப்பி மேலதான் பண்ணணும், இருக்கிற ஒரே பிரதியில வேலை பாக்கப் போய்த்தான் நிறைய பேர் உள்ளதையும் தொலைக்கிறாங்க. டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வந்தா காப்பி கூட வேணாம், கழட்டி வச்சிட்டு டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட கொடுத்துடுங்க, செலவு கடிக்கும்தான்.

உங்க கேள்வியில ரெண்டு தனித்தனி பிரச்சனை கலந்து கிடக்கு. எந்தப் படம் எந்த ஆல்பம், யார் மூஞ்சி, என்ன எடிட் பண்ணீங்கன்னு குறிச்சு வைக்கிறது ஒரு டேட்டாபேஸ். படங்க வேற, அதெல்லாம் லைப்ரரிக்குள்ள ஒரிஜினல்ஸ்ங்கிற ஃபோல்டர்ல சாதா ஃபைலா கிடக்கு. நூலகத்துல கேட்டலாக் கிழிஞ்சா புத்தகம் அலமாரியிலதானே இருக்கும், அந்த மாதிரி. ரிப்பேர் கேக்குறது பெரும்பாலும் டேட்டாபேஸ் அடிபட்டதாலதான். காப்பி எடுத்தாச்சுன்னா ஆப்ஷன், கமாண்ட் ரெண்டையும் அழுத்திக்கிட்டே போட்டோஸைத் திறந்து ரிப்பேர் கொடுங்க. அப்பவும் வரலைன்னா லைப்ரரி மேல ரைட் கிளிக் பண்ணி ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ் போய் ஒரிஜினல்ஸை வெளிய காப்பி பண்ணுங்க (மூவ் இல்ல, காப்பி!). ஃபைல் பேரெல்லாம் எழுத்தும் நம்பருமா கண்டபடி இருக்கும், பரவால்ல, எடுத்த தேதி படத்துக்குள்ளயே எக்ஸிஃப்ங்கிற குறிப்புல இருக்கிறதால புது லைப்ரரியில இம்போர்ட் பண்ணா வரிசையா வந்து உக்காந்துடும். ஆல்பமும் எடிட்டும் போயிடும்.

சாம்பல் விஷயத்துக்கு ரிப்பேர் உதவாது, அங்க ஃபைலே கெட்டிருக்கு. ஜேபெக் படத்தை மேலேர்ந்து கீழ வரிசையா படிக்கிறதால நடுவுல கொஞ்சம் பைட் கெட்டாலும் அங்கேர்ந்து மீதி சாம்பலாவோ, கலர் மாறியோ, பக்கவாட்டுல நகர்ந்தோ வரும். பக்கத்து புளோக் அக்கா ஒருத்தங்க, வீட்டுக்காரர் தைப்பூசத்துல காவடி எடுத்த படத்தைக் காட்டினாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் வாசல், மேல மயில் இறகெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, நெஞ்சுக்குக் கீழ ஒரே சாம்பல். "தம்பி, லிஸ்ட்ல முழுசா தெரியுதே"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அந்தச் சின்னப் படம் தனியா சேர்த்து வச்ச தம்ப்நெயில், அதுக்கு அடி படல, அவ்வளவுதான். அவங்க கேமரா கார்டை ஃபார்மேட் பண்ணிருந்தாலும் அதுக்கப்புறம் ஒண்ணும் எடுக்கல, அதனால ஃபோட்டோரெக்ங்கிற மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டினதும் வந்துடுச்சு. அது ஃப்ரீதான், பழைய பேர் மட்டும் வராது. கார்டுலயும் இல்லைன்னா குடும்ப வாட்ஸாப் குரூப்பைத் தேடுங்க, இல்ல லைப்ரரிக்குள்ள ரிசோர்சஸ், அதுக்குள்ள டெரிவேடிவ்ஸ் ஃபோல்டரைப் பாருங்க, சைஸ் சின்னதா இருந்தாலும் முழுப் படம் கிடைக்க வாய்ப்பு இருக்கு. மேக்கோட உள் எஸ்எஸ்டிலேர்ந்து டெலீட் ஆனதை மட்டும் பெருசா நம்பாதீங்க, அழிச்ச இடத்தைக் காலி பண்ற டிரிம் வந்து துடைச்சிருக்கும்.

உங்க டிஸ்க்கோட ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டான்னு பாருங்க, எனக்கு அதுமேலதான் சந்தேகம். விண்டோஸ்லயும் ஓடணும்னு நம்ம ஆளுங்க அதைத்தான் போடுவாங்க, அதுல ஜர்னலிங், அதாவது பண்ணப்போற மாத்தத்தை முன்கூட்டியே குறிச்சு வைக்கிறது, கிடையாது, எஜெக்ட் பண்ணாம கேபிளை உருவினா, இல்ல எழுதிட்டிருக்கும்போது வீட்டுல கரண்ட் டிரிப் ஆனா அடி பலமா விழும். போட்டோஸ் லைப்ரரிக்கு ஏபிஎஃப்எஸ், இல்லைன்னா மேக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் ஃபார்மேட்தான் சரி, ஆப்பிளே அதான் சொல்லுது. டிராப்பாக்ஸ் மாதிரி சிங்க் ஃபோல்டருக்குள்ள லைப்ரரியைப் போடவே போடாதீங்க.

பேக்கப்புக்கு போட்டோகிராஃபர் பீட்டர் குரோக் பிரபலமாக்கின 3-2-1 போதும்: 3 பிரதி, 2 வகை மீடியா, அதுல 1 வீட்டுக்கு வெளிய. ஈசூன்ல அம்மா வீட்டு அலமாரி கூட 'வெளிய'தான். ஐகிளவுட் இருக்கேன்னு சொல்லாதீங்க, அது சிங்க், ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும், ரீசன்ட்லி டெலீடட்ல 30 நாள்தான் நிக்கும். இன்னொண்ணு, ஒரிஜினலை ஐகிளவுட்ல வச்சிட்டு மேக்ல சின்னப் பிரதி மட்டும் வைக்கிற ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ் ஆன்ல இருந்தா பல ஒரிஜினல் மேக்லயே இருக்காது, அப்போ மேக்கோட டைம் மெஷின் பேக்கப்லயும் இருக்காது, இது நிறைய பேருக்குத் தெரியாது. பேக்கப்ல பழைய வெர்ஷனும் நிக்கிற மாதிரி வைங்க, இல்லைன்னா கெட்டுப்போன படம் போய் நல்ல படத்து மேலயே உக்காந்துடும்.

இங்க ஈரக்காத்துக்குப் பயந்து கேமராவுக்கு ஈரம் எடுக்கிற டிரை கேபினட் வாங்குறோம், டிஸ்க்கை மட்டும் டிவி பின்னாடி தூசியில போடுறோம், அதையும் அதே கேபினட்ல வைங்க. புதுசா படம் எடுத்தா கார்டை உடனே ஃபார்மேட் பண்ண வேணாம், ரெண்டாவது டிஸ்க்குக்கும் காப்பி போய், அங்கேர்ந்து நாலஞ்சு படத்தை முழு சைஸ்ல திறந்து பார்த்துட்டு பண்ணுங்க.