அட்டவணை மனப்பாடம், ஆனால் ‘படம்’ வாசிக்க வரவில்லை

வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை வயது, யுகேஜி படிக்கிறாள். சுவரில் மாட்டிய உயிர்மெய் அட்டவணையைக் கடைசி வரை சொல்லிவிடுகிறாள். அதே எழுத்துகளைக் கதைப்புத்தகத்தில் காட்டினால் விழிக்கிறாள். ‘படம்’ என்பதை ‘ப, ட, இம்’ என்கிறாள். சேர்த்துச் சொல் என்றால் அழுகை. என்ன செய்வது?
– ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் மகள் அட்டவணையைப் பாட்டாகச் சொல்கிறாள். நடுவில் உள்ள ‘தி’யை மட்டும் தொட்டுக் கேளுங்கள், ‘த, தா, தி’ என்று முதலிலிருந்து வந்துதான் பிடிப்பாள். கொஞ்ச நாள் அந்த அட்டவணையைக் கழற்றி வையுங்கள்.

இக், இங், இச் என்று பெயர் சொல்லிப் பழக்கியதால்தான் ‘இம்’ வருகிறது. ‘பட இம்’மை எந்தக் குழந்தையாலும் சேர்க்க முடியாது. உதட்டை மூடி ‘ம்ம்’ என்று ஒலியை மட்டும் காட்டுங்கள். ட், ப், க் தனியே ஒலிக்க வராதவை. அவற்றை முந்தைய எழுத்தோடு சேர்த்து ‘பட்’, ‘கப்’ என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

ட, ப, ம, ட், ம் என்று ஐந்து அட்டைகள் போதும். படம், மடம், பட்டம், மட்டம், படபட, மடமட எல்லாம் இவற்றிலேயே வரும் (எழுத்து திரும்ப வரும் இடத்துக்கு இன்னொரு பிரதி வேண்டும்). தடுமாற்றம் நின்றதும் ர, க, ல, வ, ல், ப் சேருங்கள்: மரம், பகல், கடல், கப்பல், வட்டம், பம்பரம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டுக்கு மேல் புதிய எழுத்து வேண்டாம்.

அடுத்து உயிர்க்குறிகள். க, கா, கி, கீ என்று ஒரே வரிசையில் போகாதீர்கள். ஒரு குறியை எடுத்து, தெரிந்த எல்லா எழுத்திலும் போட்டுக் காட்டுங்கள். துணைக்கால் என்றால் கா, பா, மா, வா. கல்–கால், பல்–பால், படம்–பாடம் என்று ஜோடியாக வைத்தால் கால் வந்ததும் ஒலி நீள்வதை அவளே கண்டுகொள்வாள். பிறகு இகர, ஈகாரம்.

கொம்பில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவார்கள். கண் இடமிருந்து வலமாக ஓடுகிறது; கொம்போ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கெ’யில் கொம்பை விரலால் மறைத்து முதலில் ‘க’ சொல்லட்டும். விரலை எடுத்ததும் ‘கெ’. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பழகாமல் ‘கொ, கோ’வுக்குப் போனால் ‘கெ’ தனி, கால் தனி என்று பிரித்து வாசிப்பாள். இந்த இடத்தில் மாதக்கணக்கானாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

உகரத்துக்கு எல்லா எழுத்திலும் ஒரே குறி கிடையாது. ஆகவே வடிவ ஒற்றுமை பார்த்துக் கூட்டுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சு, பு, யு, வு இன்னொன்று, து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. ‘கூ’ தனி ஆள். வீடு, காடு, பாட்டு என்று உகரத்தில் முடியும் சொற்கள் ஏராளம் என்பதால் முதல் கூட்டத்தைக் கொம்புக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

‘மகன்’ என்பதை வல்லின ‘க’வாக வாசித்தால் விதி சொல்லாதீர்கள். நீங்கள் ஒருமுறை சரியாகச் சொன்னால் தெரிந்த சொல் என்று பிடித்துக்கொள்வாள். ‘இருக்கிறது’ என்று அச்சிட்டிருப்பதை ‘இருக்கு’ என்று வாசித்தால் பொருள் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பாராட்டிவிட்டு எழுத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எழுத்துத் தமிழ் காதில் விழ வேண்டுமென்றால் தினமும் ஒரு கதையை நீங்கள் வாய்விட்டு வாசித்தாக வேண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அதன் முதல் நிலையிலும் கொம்பும் உகரமும் வரும் என்பதால், இப்போதைக்கு அவை அவள் கேட்பதற்கு. வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் தள்ளி வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, லை, னை எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டால் ஐந்து விநாடி பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அதற்கும் வரவில்லையா, சொல்லை நீங்களே சொல்லிவிட்டு வரியைத் தொடரவிடுங்கள். அந்தச் சொல்லை ஓர் அட்டையில் எழுதி மறுநாள் அட்டை அடுக்கில் இரண்டாவதாக வையுங்கள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றின் கீழே.