படைப்புழுவுக்கு மருந்து கேட்கவில்லையா? கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. மக்காச்சோளம், நெல், பருத்திப் பூச்சிகள் பற்றித்தான் என்னால் சொல்ல முடியும். விலை, மானியம், கடன் எல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி. படம் அனுப்பாமல் "பயிர் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டவர்களுக்குப் பதில் வராது, கோபிக்க வேண்டாம்.

கயத்தாறு: 35 நாள் மக்காச்சோளம். கோராஜென் அடித்தேன், குருத்தைத் தின்னும் படைப்புழு சாகவில்லை. கடையில் மருந்தை மாற்றி ஃபேம் கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. போலி மருந்தா அண்ணாச்சி?

அண்ணாச்சி, நீங்கள் மாற்றியது டப்பாவைத்தான், மருந்தை அல்ல. கோராஜென் என்பது குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபேம் என்பது ஃப்ளூபெண்டியமைடு. இரண்டும் புழுவின் தசையில் ஒரே இடத்தில்தான் போய் வேலை செய்யும். பூச்சிமருந்துகளை வேலை செய்யும் விதத்தை வைத்து எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், அதில் இரண்டுமே 28. ஒன்றுக்குத் தப்பிய புழு அடுத்ததற்கும் தப்பத்தான் பார்க்கும்.

இன்னொன்று கேட்கிறேன். விதைப் பையில் விதைநேர்த்தி செய்தது என்று போட்டிருந்ததா? படைப்புழுவுக்காக மக்காச்சோள விதையில் பூசுவது பெரும்பாலும் சயான்ட்ரானிலிப்ரோலும் தயமீதாக்சமும் சேர்ந்த கலவை. அந்த சயான்ட்ரானிலிப்ரோலும் 28தான். அப்படியானால் முளைத்த நாளிலிருந்து உங்கள் காட்டுப் புழு மூன்று தடவை ஒரே எண்ணைப் பார்த்துவிட்டது.

அதனால் எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறேன்: டப்பாவில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். எமாமெக்டின் பென்சோயேட் எண் 6, ஸ்பினெட்டோரம் எண் 5, நோவலூரான் எண் 15. மாற்றுவதென்றால் இப்படி எண்ணை மாற்ற வேண்டும். டெலிகேட்டிலிருந்து ட்ரேசருக்குப் போனாலும் மாற்றம் இல்லை, இரண்டும் 5.

ஆனால் உங்கள் காட்டுப் புழுவுக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன்தான் வந்துவிட்டது என்று நான் இன்னும் சொல்லவில்லை. குருத்தை விரித்துப் பாருங்கள். உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம் அடைத்திருந்தால், புழு அதற்கடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, மருந்து அதன் மேல் படவே இல்லை. ஒன்றரை அங்குலப் புழுவுக்கு எதை அடித்தாலும் பாதிதான் பலன். முட்டை பொரித்து இலையில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டல் தெரியும்போதே, சாயங்காலமாக, குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும். அப்புறம், 28ஆம் எண் மருந்து பட்ட புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் போய் "உயிரோடு நெளியுது" என்று அடுத்த மருந்து வாங்கப் புறப்படாதீர்கள்.

மானூர்: புழு எப்படி சார் மருந்துக்குப் பழகுது?

ஒரு புழுவும் பழகுவதில்லை தம்பி. படைப்புழுவின் தாய் அந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு முட்டை இடும். அத்தனையில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறப்பிலேயே மருந்தைச் செரித்துவிடும் நொதி கூடுதலாக இருக்கும், அல்லது மருந்து போய் ஒட்ட வேண்டிய இடம் கொஞ்சம் மாறி அமைந்திருக்கும். நாம் அடிக்கும் மருந்து மற்றதையெல்லாம் கொன்று அந்த ஒன்றிரண்டுக்குக் காட்டை எழுதிக் கொடுக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு தலைமுறை ஒரு மாதம்தான், ஆகவே இது நடக்க நாள் அதிகம் வேண்டாம். இதில் புதுசும் இல்லை. அமெரிக்காவில் பழமரச் செதில்பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சாகவில்லை என்று பூச்சியியலாளர் மெலாண்டர் 1914லேயே எழுதிவிட்டார். 2018ல் கர்நாடகத்துச் சிவமொக்காவில், இந்தியாவிலேயே முதலில் பிடிபட்ட படைப்புழுவும் வெறுங்கையோடு வரவில்லை. ஆசியாவுக்கு வந்த கூட்டத்தில் பழைய பாஸ்பரஸ் மருந்துகளைத் தாங்கும் மரபணு மாற்றம் ஏற்கெனவே இருந்தது.

அம்பாசமுத்திரம்: பிசான நெல்லில் புகையான். இமிடாக்ளோபிரிட் இரண்டு தடவை அடித்தாச்சு.

மூன்றாவது தடவை அடிக்காதீர்கள். புகையான் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. 2005 வாக்கிலேயே வியட்நாம், சீனா, ஜப்பான் புகையானுக்கு இமிடாக்ளோபிரிட் கேட்காமல் போய்விட்டது, நம் நாட்டிலும் அதே கதைதான். தயமீதாக்சமுக்கு மாறுவதிலும் அர்த்தமில்லை, அதே எண். தண்ணீரை வடித்துவிட்டு, பைமெட்ரோசின் ஏக்கருக்கு 120 கிராம், தூரில் படும்படி அடியுங்கள். இலை மேல் அடித்தால் காசுதான் நஷ்டம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று சைபர்மெத்ரின் வகை எதையாவது இடையில் அடித்தீர்களா? அடித்திருந்தால் புகையானைத் தின்னும் சிலந்தி செத்திருக்கும், புகையான் பெருகியதற்கு அதுவே போதும். அடுத்த போகத்துக்கு எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: மக்காச்சோளம் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குத்தானே போகுது, யாரும் தின்னப் போவதில்லை. எவ்வளவு அடித்தால் என்ன?

தம்பி, எத்தனால் எடுத்தபின் தானியத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கையாக மிஞ்சும். அது கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போகிறது. புழு துளைத்த கதிரில் பிடிக்கும் பூஞ்சை நஞ்சு சாராயத்தோடு போகாது, சக்கையில் மூன்று மடங்காகச் செறிந்து நிற்கும். முட்டை தின்பீர்கள் அல்லவா?

எட்டயபுரம்: மேலே எல்லோருக்கும் மருந்து சொல்கிறீர்கள். கரிசலில் கம்பும் சோளமும் உளுந்தும் போட்ட காலத்தில் இந்தப் பாடு இருந்ததா? பெட்ரோலில் ஊற்ற ஊரே மக்காச்சோளம் போட்டால் புழு வராமல் என்ன செய்யும்?
(இதற்குக் கயத்தாறு அண்ணாச்சி: "நான் மட்டும் உளுந்து போட்டால் அந்து என்ன வரப்பு பார்த்தா பறக்குது? உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் வந்தால் நீங்கள் காசு தருவீர்களா?")

இரண்டு பேரும் இதில் பத்துப் பதினைந்து பதில் போட்டுச் சண்டை பிடித்துவிட்டீர்கள், மற்றவர் கேள்வியெல்லாம் மேலே போய்விட்டது. சரி, எனக்கும் பிடித்த விஷயம், சொல்கிறேன்.

எட்டயபுரத்தார் சொல்வதில் பெரும்பகுதி சரி. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்று எத்தனாலுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து ஆலைகளின் பார்வை மக்காச்சோளத்தின் மேல் விழுந்துவிட்டது. அமெரிக்கா இதை நமக்கு முன்பே பார்த்தது. அங்கே விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எத்தனாலுக்குப் போகிறது. அயோவாவில் ஒரே நிலத்தில் வருடா வருடம் மக்காச்சோளம், அதுவும் ஒரே பி.டி. நச்சு உள்ள ரகம் (பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, செடியே புழுவைக் கொல்லும் நச்சைச் சுரக்கும்படி செய்தது). 2009ல் அந்தக் காடுகளில் எடுத்த வேர்ப்புழு, அதாவது மக்காச்சோள வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழு, அந்த நச்சைத் தாங்கிக்கொண்டது. மூன்று வருடமாவது தொடர்ந்து அதே ரகம் போட்ட நிலங்கள் அவை.

ஆனால் பயிரை மாற்றினால் போதும் என்றும் முடித்துவிடாதீர்கள். இல்லினாயில் மக்காச்சோளம், சோயா, மக்காச்சோளம், சோயா என்று எல்லோரும் ஒரே தாளத்தில் மாற்றினார்கள். மக்காச்சோளக் காட்டில் மட்டும் முட்டையிட்டுவந்த அந்த வண்டில் ஒரு கூட்டம், 1990களில் சோயாக் காட்டிலும் இட ஆரம்பித்தது. அடுத்த வருடம் அங்கே மக்காச்சோளம்தானே வரும்! மருந்து என்ன, சுழற்சியே எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டால் அதற்கும் ஒரு புழு பிறந்துவிடும்.

கயத்தாறு அண்ணாச்சி கேட்பதும் நியாயம். படைப்புழு அந்து ஓரிரவில் நூறு கிலோமீட்டர் கூடப் பறக்கும், ஒரு காட்டுக்காரர் தனியாக மாற்றி அதைத் தடுக்க முடியாது. வேர்ப்புழு கதையை அப்படியே இதற்குப் பொருத்தவும் முடியாது. சோளம் போட்டால் வராது என்பதும் இல்லை, படைப்புழு சோளத்தையும் தின்னும். ஆனால் ஓர் ஓடைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்கள் ஐப்பசி மழைக்கு ஒரே வாரத்தில் விதைத்து, ஓரத்தில் நாலு வரிசை தட்டைப்பயறோ சூரியகாந்தியோ போட்டு, முதல் தெளிப்புக்கு எல்லோரும் ஒரே எண், இரண்டாவதுக்கு வேறு எண் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு தேதியில் விதைத்தால் புழுவுக்கு மூன்று மாதமும் இளங்குருத்து கிடைத்துக்கொண்டே இருக்கும்.

தேமலுக்கு யார் காசு கொடுப்பது என்பதை நீங்கள் இருவரும் வெளியே போய்ப் பேசிக்கொள்ளுங்கள்.

நாங்குநேரி: படைப்புழுவுக்கு எந்த மருந்து நல்லது?

மேலே படியுங்கள்.

திசையன்விளை: புழுவுக்கு நல்ல மருந்து ஒன்று சொல்லவும்.

மேலே.

சங்கரன்கோவில்: கோராஜெனையும் ஃபேமையும் கலந்து அடிக்கலாமா?

முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்களா, படிக்காமல் கேட்கிறீர்களா? 28ம் 28ம் கலந்தால் 28தான். பொடி எழுத்தைப் பாருங்கள் அண்ணாச்சி.

கோவில்பட்டி: பி.டி. பருத்தியில் எப்படி இளஞ்சிவப்புக் காய்ப்புழு?

2002ல் வந்த ஒற்றை நச்சு ரகத்தைக் குஜராத்தில் 2009க்குள் வென்றுவிட்டது, 2006ல் வந்த இரட்டை நச்சையும் அதன்பின் வென்றுவிட்டது. நச்சைத் தாங்காத புழுவும் பிழைத்திருக்க ஓரத்தில் போட வேண்டிய சாதாரணப் பருத்தி விதையைப் பலர் குப்பையில் போட்டதற்கு இதில் பங்கு உண்டு. மாசிக்கு மேல் செடியை நிற்க விடாதீர்கள்.

களக்காடு: டீசல் எடுக்கலாம் என்று அப்பா வைத்த காட்டாமணக்கு வேலியில் நிற்கிறது. அதில் வெள்ளையாக மாவு மாவாகப் பூச்சி. என்ன அடிக்க?

எதுவும் அடிக்க வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சியாக இருந்தால், அது 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி, எதை அடித்தும் அடங்காமல் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுத்தது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அடங்கிவிட்டது. அது இன்றும் நம் ஊரில் பறந்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் மருந்தடித்தால் முதலில் சாவதும் அதுதான். மாவுக்குள் பழுப்பாக, உப்பலாக, ஓட்டை விழுந்த பூச்சிகள் தெரிந்தால் குளவி வந்தாயிற்று. கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கொட்டையைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.