அந்தப் பொடியில் என்ன இருக்கிறது?

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு இப்போது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூட்டைத் தாக்குவதாக டாக்டர் சொல்கிறார். கிருமி எது, சொந்த உடம்பு எது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி வாங்கினோம். இரண்டே நாளில் வலி போய்விட்டது. மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். வாரம் ஒருமுறை போடும் மாத்திரையை நிறுத்திவிடலாமா? நீங்கள் ஏன் அறிவியல் கதை எழுதுவதில்லை?
தேவி

அன்புள்ள தேவி,

அறிவியல் கதைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், விடுங்கள்.

அணுக்களின் மேல் ஏற்பிகள் உண்டு, சில பொருள்கள் மட்டும் பொருந்தும் பூட்டு மாதிரி. கிருமியின் உறையிலுள்ள சில பொருள்கள் அவற்றில் ஒட்டினால் அணு விழித்துக்கொள்ளும். 1996இல் ஹாஃப்மன் என்ற விஞ்ஞானி பழ ஈயிலும், 1998இல் பாய்ட்லர் என்ற விஞ்ஞானி எலியிலும் இதைக் காட்டினார்கள். 2011இல் நோபல் வந்தது. அம்மாவின் மூட்டிலோ கிருமியே இல்லாமல் அணுக்கள் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பக்கத்து அணுக்களின் ஏற்பிகளில் பொருந்தி அவற்றையும் கிளப்பிவிடுகிறது. மூட்டு வீங்குகிறது. எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே தலைகால் தெரியாமல் ஆடுகிறது, அதைப் போய்க் கூட்டுகிறேன் என்கிறீர்களே! படித்த பிள்ளைதானே நீங்கள்?

என் பெரியம்மாவும் இப்படித்தான். லயத்து அடுப்படியில் ஹார்லிக்ஸ் போத்தல் நிறைய கறுப்பு மருந்து உருண்டைகள். சாப்பிட ஆரம்பித்ததும் எழுந்து உதிரிப்பழம் பொறுக்கப் போனார். முகம் உருண்டு பளபளத்தது. "ஆள் தேறிட்டாங்க" என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். கைகால் குச்சியானதையும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாளில் வலி போனது என்றதுமே எனக்குச் சந்தேகம் ஸ்டீராய்டு மேல்தான். இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அதற்கான ஏற்பி அணுவுக்கு உள்ளே இருக்கிறது. அதில் ஒட்டி, டிஎன்எஃப் தயாரிப்பையே அமுக்கிவிடும். ஆகவே வலி குறைந்தது பொய்யில்லை, வினையே அதுதான். எதிர்ப்பைக் கூட்டுவதாகச் சொல்லி, எதிர்ப்பை அமுக்கும் மருந்தை அளவே இல்லாமல் விற்கிறான். நீங்கள் வெள்ளி கொடுத்து வாங்குகிறீர்கள். பெரியம்மாவின் உருண்ட முகமும் கன்றிய தோலும் ஸ்டீராய்டின் அடையாளங்கள்தான். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், காய்ச்சல் வந்தாலும் வெளியே தெரியாது.

இதைப் படித்துவிட்டுக் கோபத்தில் பொடியைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஸ்டீராய்டு பல நாள் உள்ளே போயிருந்தால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வார மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அது முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தாகத்தான் இருக்கும். வலி கூடுகிறதென்று தினமும் போட்டுவிடவும் கூடாது.

டாக்டர் திட்டுவார், திட்டட்டும். அப்புறம், மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து இன்னொரு முறை கேளுங்கள்.