மழைக்கு முன் கான்கிரீட் தளம் போட நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ கிடக்கும் இடத்தில், சாயங்காலம் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு கான்கிரீட் தளம் போடலாமா என்று இந்த வாரம் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பேட்டியோ என்று சிலர், சிட்-அவுட் என்று சிலர். எல்லாம் ஒன்றுதான். சென்னையில் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: சார், பின்பக்கம் 12க்கு 10 அடி இடம். ஆள் உட்காரத்தானே, 2 இஞ்ச் கனம் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

போதாது. அவர் சொல்வது ஏற்கெனவே 4 இஞ்ச் ஜல்லி கான்கிரீட் போட்டு அதன்மேல் போடும் பூச்சுத் தளமாக இருக்கலாம், ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிடுங்கள். மண்ணின் மேல் நேரடியாகப் போடுவதென்றால் 4 இஞ்ச் வேண்டும். பின்னால் ஒருநாள் கார் ஏறும் வாய்ப்பு இருந்தால் இப்போதே 5 முதல் 6 இஞ்ச் போட்டுவிடுங்கள்.

உங்கள் இடத்துக்கு 4 இஞ்ச் கனத்தில் 40 கன அடி கான்கிரீட் வரும். எம் 20 தரம், அதாவது 1 பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், 3 பங்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. கணக்குப்படி சிமென்ட் 9 மூட்டை, எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 17 கன அடி, ஜல்லி 34 கன அடி. சேதாரத்துக்கு ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இதே தளத்துக்கு 6 மூட்டையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.

வேளச்சேரி: பக்கத்து வீட்டில் போட்ட தளம் இரண்டு மழைக்குள் நடுவில் குழிந்து, சுவரோரம் பிளந்துவிட்டது. சிமென்ட் கம்பெனி சரியில்லையா அண்ணா?

தளம் கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் சிமென்ட் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, அடியில் என்ன கொட்டினீர்கள் என்பதைத்தான்.

உங்கள் பக்கத்து வீட்டில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, களிமண். நவம்பர் மழையில் ஊறி உப்பும், மே மாதம் காய்ந்து சுருங்கி வெடிக்கும். மேலே இருக்கும் 4 இஞ்ச் தளத்தால் அந்தத் தூக்கலையும் இறக்கலையும் தாங்க முடியாது. களிமண் மனைகளில் மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்காவது வெட்டி எடுத்துவிட்டு, கிராவலோ கிரஷர் டஸ்ட்டோ (கல் உடைக்கும்போது வரும் தூள்) நிரப்ப வேண்டும். காசு பார்த்து இதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் வீண்தான்.

இன்னொன்று, சுவரோரப் பள்ளம். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டி, பிறகு கையில் கிடைத்த மண்ணையும் உடைந்த செங்கலையும் தள்ளி மூடியிருப்பார்கள். அந்த இரண்டு மூன்றடி அகலம் பல வருடங்கள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். தளம் சுவரோரம் பிளப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த இடத்தை மறுபடி தோண்டி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பை, மரத்துண்டு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு நிரப்புங்கள்.

நிரப்புவதை அரை அடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். அரை அடி போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, அப்புறம் அடுத்த அரை அடி. இடம் கொஞ்சம் பெரிதென்றால் மண்ணை அதிர்ந்து இறுக்கும் பிளேட் காம்பாக்டர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும், கையால் இடிப்பதைவிட நூறு மடங்கு நல்லது. வேலை முடிந்ததும் செருப்பில்லாமல் ஏறி நின்று குதிகாலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இடிக்க வேண்டும்.

முடிச்சூர்: 2015 வெள்ளத்தில் பட்டவர்கள் நாங்கள். தளம் போட்டால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வந்துவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். எவ்வளவு வாட்டம் வைக்க வேண்டும்?

ஏரியே உடைத்துக்கொண்டு வந்தால் வாட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் சாதாரணக் கனமழைக்கு அம்மாவின் பயம் நியாயமானது, தப்பான வாட்டத்தால் கூடம் நனைந்த வீடுகள் நிறைய உண்டு.

பத்தடிக்கு ஒன்றே கால் இஞ்ச் இறக்கம், இது குறைந்தபட்சம். நான் 2 இஞ்ச் வைக்கச் சொல்வேன். உட்கார்ந்தால் அந்தச் சாய்வு தெரியவே தெரியாது, தண்ணீர் மட்டும் ஓடிவிடும். வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வெளியே போக வேண்டும். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு மேல் தளம் ஏறிவிட்டால், உள்சுவரில் பெயின்ட் உரியத் தொடங்கும்.

மேஸ்திரி கண்மட்டத்தில் போட்டுவிடுவார், கேட்டால் அத்தனை வருட அனுபவம் என்பார். விடாதீர்கள். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து நான்கு மூலையிலும் சுவரிலும் கோடு குறித்து, நூல் கட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் அந்த நூலிலிருந்து அடிமண் வரை பல இடங்களில் டேப் வைத்து அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் 4 இஞ்ச் இருக்க வேண்டும். கனம் குறைத்து வாட்டம் கொடுக்கக் கூடாது, அடிமண்ணிலேயே அந்தச் சாய்வு இருக்க வேண்டும்.

ஓடும் தண்ணீர் பக்கத்து மனைக்குள் போகாமல் உங்கள் மழைநீர்த் தொட்டிக்கோ குழிக்கோ போகட்டும்.

பெசன்ட் நகர்: கடல் நடக்கிற தூரம். தளத்துக்குக் கம்பி கட்டாயமா?

உட்கார மட்டும் என்றால், மண் நன்றாக இறுகியிருந்தால், கோடு போட்டுக் கட்டம் பிரித்துப் போட்டால் (அதைக் கீழே சொல்கிறேன்), கம்பி தேவையில்லை. உங்கள் பகுதிக்கு அது இல்லாமல் இருப்பதே மேல். உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு உப்பிக்கொண்டு கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோரப் பழைய பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கார் நிற்க வேண்டும், கம்பி போட்டே ஆக வேண்டும் என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலுக்குச் சொல்வது எம் 20ஐவிட வலுவான எம் 30 தரம், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட். 4 இஞ்ச் தளத்தில் அது சரிவராது, 6 இஞ்ச் வேண்டும். கம்பி வலையைக் கவர் பிளாக் என்னும் சின்னக் கான்கிரீட் கட்டைகள் மேல் நிறுத்துங்கள். மண்ணில் விரித்துவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பார்கள். பாதிக்குமேல் மண்ணிலேயே கிடக்கும். அதற்குக் கம்பி வாங்கிய காசில் ஒரு நல்ல மரப் பெஞ்ச் வாங்கியிருக்கலாம்.

போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கலவைக்கு வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்குங்கள். அதே ஐ.எஸ். விதி குளோரைடு அளவைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமிலும், கம்பியில்லாததற்கு 2000 மில்லிகிராமிலும் நிறுத்துகிறது.

அம்பத்தூர்: போர்ட்டிகோ தளத்தில் குறுக்கே ஒரே நீளமாக விரிசல். வேலை மோசமா?

வேலை மோசமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்கேயாவது பிளந்துதான் ஆகும். எங்கே பிளக்கலாம் என்று நாம் முன்கூட்டியே இடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய வீடுகளில் சிமென்ட் தரையைக் கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்திருப்பார்கள். அது அழகுக்கு மட்டும் வைத்ததல்ல.

4 இஞ்ச் தளத்தில் கட்டம் எட்டு, பத்தடியைத் தாண்டக் கூடாது, கூடியவரை சதுரமாக இருக்க வேண்டும். மேலே மடிப்பாக்கத்துக்காரர் கேட்ட 12க்கு 10 தளத்தில் நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று இரண்டு கோடு போட்டால் 6க்கு 5 அடியில் நான்கு கட்டம் கிடைக்கும். கோட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, இங்கே 1 இஞ்ச். ஈரமாக இருக்கும்போதே பட்டை வைத்து அழுத்தலாம், அல்லது மறுநாள் காலைக்குள் கட்டர் வைத்து அறுக்கலாம். மூன்றாம் நாள் வந்து அறுக்கிறேன் என்றால் அதற்குள் விரிசல் தானே கோடு போட்டிருக்கும்.

சுவரோடும் தூணோடும் தளத்தை ஒட்டவிடாமல் நடுவில் அரை இஞ்ச் தெர்மாகோல் பட்டை வையுங்கள். பிறகு மேல் அரை இஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு சீலன்ட் அடைத்தால் தண்ணீர் இறங்காது. உங்கள் பழைய விரிசல் நூலளவுதான், இருபுறமும் மேடுபள்ளமில்லை என்றால், அதையும் அப்படியே சீலன்ட் அடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

தாம்பரம்: பிள்ளைகளுக்கு லீவு, மே மாதம் போடலாமா?

ஜனவரி, பிப்ரவரிதான் என் விருப்பம். மழை முடிந்து மண் படிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மே மாதம்தான் முடியும் என்றால் கத்திரி வெயில் நேரத்தைத் தவிர்த்து, விடிகாலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் கொட்டி முடியுங்கள். அடிமண்ணை முந்தைய நாள் ராத்திரியே நனைத்து வையுங்கள், ஆனால் கொட்டும்போது குட்டை நிற்கக் கூடாது. மேலே பந்தல் மாதிரி ஒரு படுதா கட்டினால் இன்னும் நல்லது. வெயிலும் காற்றும் சேர்ந்து மேல் ஈரத்தை உறிஞ்சினால், மட்டம் தட்டி முடிப்பதற்குள் மேலே சிலந்தி வலை போல விரிசல் விழுந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம்.

போரூர்: தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம்? ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே?

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 27. மணல் ஈரமாக இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரி குறையுங்கள். கலவை இட்லி மாவுப் பதத்தில் இருக்கட்டும். தள்ளுவதற்குச் சுலபம் என்று ஆட்கள் தோசை மாவாக்கிவிடுவார்கள், அன்றைக்கு அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருங்கள். இளகலாக வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிசைசர் கெமிக்கல் ஊற்றலாம், தண்ணீர் வேண்டாம்.

ரெடிமிக்ஸ் லாரி ஒன்று சாதாரணமாக 6 கன மீட்டர் கொண்டுவரும். உங்களுக்கு வேண்டியது ஒன்று, ஒன்றரை. வீட்டைச் சுற்றி எல்லா வேலையும் சேர்த்துச் செய்தால் யோசிக்கலாம். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது விதி, சென்னை டிராஃபிக்கையும் கணக்கில் வையுங்கள். வந்து நின்ற பிறகு டிரைவர் தண்ணீர் ஊற்ற வந்தால் தடுங்கள். சின்ன வேலைக்குக் கலவை மெஷின் வாடகைக்கு எடுப்பதே சரி.

மயிலாப்பூர்: வாசல் பக்கமும் சேர்த்துப் போடுகிறோம். மாமியாருக்குக் கோலம் போட வழவழவென்று வேண்டும், மாமனார் வழுக்கிவிழுவார் என்று எனக்குப் பயம்.

இரண்டு பேரும் ஜெயிக்கலாம் அம்மா. படிக்கு நேராக நாலடிச் சதுரம் மட்டும் கரண்டியால் இழைத்து வழவழப்பாக்குங்கள், அங்கே கோலம். நடக்கிற வழியிலும் மற்ற இடத்திலும் வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கோடு இழுங்கள். அந்தச் சதுரத்தின் மேல் மழைச்சாரல் விழாதபடி சன்ஷேட் இருந்தால் போதும்.

துடைப்பக் கோட்டுக்கு நேரம் முக்கியம். கொட்டி மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்துச் சமன் செய்தபின் மேலே தண்ணீர் கசிந்து மினுங்கும். அந்த மினுக்கம் போகும்வரை தொடாதீர்கள். விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் விரலில் சிமென்ட் பால் ஒட்டக் கூடாது. அப்போது நனைத்து உதறிய தென்னந்துடைப்பத்தை வாட்டத்தின் போக்கிலேயே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும். கசிந்த தண்ணீரை உறிஞ்ச மேலே வெறும் சிமென்ட் தூவுவார்கள், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அடுத்த வருடமே மாவு மாதிரி உதிரும்.

அசோக் நகர்: போட்ட தளத்துக்குப் பதினாலு நாள் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். வீட்டுக்கே தண்ணீர் தட்டுப்பாடு!

பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் விட்டால் நல்லது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த முடியாதென்றால், நனைத்த சாக்கை விரித்து அதன்மேல் பாலித்தீன் ஷீட் போட்டு ஓரத்தில் செங்கல் வையுங்கள். காலையில் ஒரு தடவை சாக்கு நனைந்தால் போதும். மறுநாள் மெதுவாக நடக்கலாம், கனமான சாமான் ஒரு வாரம் கழித்து. காரை மட்டும் இரண்டு வாரம் வெளியே விடுங்கள்.

கே.கே. நகர்: மண்ணே தெரியாமல் காம்பவுண்ட் வரை முழுதும் போட்டுவிடலாமா? பெருக்கச் சுலபம்.

வேண்டாம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமானது. குழியைத் தளத்துக்கு அடியில் புதைத்துவிட்டு, கோடையில் போர் வற்றிவிட்டது என்று அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். காம்பவுண்ட் ஓரம் இரண்டடி மண் விடுங்கள். தென்னையைச் சுற்றி மூன்றடியாவது வேண்டும். வேம்பு இருந்தால் இன்னும் தள்ளிப் போடுங்கள், அதன் வேர் தளத்தைத் தூக்கும். மண் விட்டால் சேறாகிறது என்றால் அங்கே கூழாங்கல் கொட்டலாம், இடைவெளி விட்டுக் கல் பதிக்கலாம்.

குரோம்பேட்டை: பழைய தளம் இருக்கிறது, அதன்மேலேயே 2 இஞ்ச் போடலாமா? நடுவில் சம்ப் மூடி வேறு.

பழைய தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்கும் இடம் அடியில் வெற்றாக இருக்கிறது. அப்படி நிறைய இடம் இருந்தால் உடைத்து எடுத்துப் புதிதாகப் போடுவதுதான் வழி. நன்றாக இருந்தால் கொத்திவிட்டு, கழுவி, பழையதோடு புதியது ஒட்டப் பாண்டிங் கெமிக்கல் தடவி மேலே போடலாம். பழைய கோடு எங்கே இருக்கிறதோ புதிய கோடும் அங்கேயே வர வேண்டும், இல்லையென்றால் அடியில் இருப்பது மேலே பிளந்து காட்டும். 2 இஞ்ச் ஏறினால் வீட்டுப் படி தாழ்ந்துபோகுமா என்பதையும் அளந்து பாருங்கள். சம்ப் மூடியின் சட்டத்தைப் புதிய மட்டத்துக்கு ஓர் இஞ்ச் மேலே உயர்த்தி, சுற்றிலும் தெர்மாகோல் விட்டுப் போடுங்கள், தளத்துத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்காது. கழிவுநீர் சேம்பரையும் இதேபோல் உயர்த்துங்கள், டைல் போட்டு மூடி மறைத்துவிடாதீர்கள்.