தெருவில் படம் எடுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் கேமரா பற்றியவைதான் அதிகம். கல்யாணம், பறவைகள் எல்லாவற்றையும் இன்னொரு நாளைக்கு ஒதுக்கிவிட்டு, தெருவில் நடந்தபடி மனிதர்களை எடுக்க விரும்புகிறவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக ஞாயிறு காலைகளில் நான் செய்வதும் அதுதான். அதனால் ஒன்றிரண்டு பதில்கள் நீளமாகவே இருக்கும்.

கேள்வி: கேனான் 200டி வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸும் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கத்துச் சந்துகளிலும் மாசி வீதிகளிலும் படம் எடுக்க ஆசை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசானே 50 மி.மீ. லென்ஸில்தான் எடுத்தார், அதனால் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அந்த லென்ஸ் நல்ல லென்ஸ். (மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் பார்க்கும் கோணம் குறுகும். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.) ஆனால் நீங்கள் சொல்லும் சந்துகளுக்கு, உங்கள் கேமராவோடு, அது வேண்டாம்.

பிரெசான் பெரும்பாலும் 50-இல் எடுத்தது உண்மை. அவர் கையில் இருந்தது லைகா. அதன் ஃபிலிம் சட்டம் இன்று நாம் ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லும் 36 x 24 மி.மீ. அளவு. உங்கள் 200டியில் ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பிடிக்கும் சென்சார் அதைவிடச் சிறியது, ஏபிஎஸ்-சி வகை. கேனானில் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.6-ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போலப் பார்க்கும். முகம் மட்டும் எடுக்க அது அருமை. பிரெசான் பார்த்த கோணம் உங்களுக்கு வேண்டுமென்றால் சுமார் 31 மி.மீ. லென்ஸ் தேவை. இந்தக் கணக்கைச் சொல்லாமலேயே வருடக்கணக்காக எல்லோருக்கும் 50-ஐப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து, நிற்கிற ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை அடக்க, 50 மி.மீ. லென்ஸோடு கிட்டத்தட்ட 6 மீட்டர் பின்னால் போக வேண்டும். விளக்குத்தூண் சந்தில் 6 மீட்டர் என்பது எதிர்க்கடைக்குள்ளேயே போய் நிற்பது. போனாலும் நடுவில் ஒரு சைக்கிள், இரண்டு ஆட்கள், ஒரு தள்ளுவண்டி வந்துவிடும். அதே ஆளை 24 மி.மீ. லென்ஸில் 3 மீட்டருக்குள் எடுத்துவிடலாம்.

ஆகவே நான் சொல்வது கேனான் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். 125 கிராம்தான் எடை. தடிமன் இரண்டேகால் சென்டிமீட்டர் இருக்கும், கேமராவில் மாட்டினால் மூடி போட்டது போலத்தான் தெரியும். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 38 மி.மீ. கோணம். புதிது சிக்காவிட்டால், பழையதாகத் தேடினால் உங்கள் தொகைக்குள் கிடைக்கும்.

ஆனால் அதைக்கூட இந்த வாரமே வாங்காதீர்கள். உங்கள் 18-55 லென்ஸின் ஜூம் வளையத்தை 24-இல் வைத்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு வாரம் டேப்பைப் பிரிக்காமல் எடுங்கள். அடுத்த வாரம் 35-இல் ஒட்டுங்கள். இரண்டாவது நாளிலேயே கால் தானாக ஒரு தூரத்தில் போய் நிற்கப் பழகிவிடும். எந்த வாரம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகணும்" என்று தவித்தீர்கள், எந்த வாரம் "இன்னும் கொஞ்சம் பின்னால் போக இடமில்லையே" என்று தவித்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த ஐம்பதைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்றும் பாருங்கள், படத்தின் விவரங்களிலேயே அது இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து இன்சுலேஷன் டேப் விலைதான் செலவு. நான் இதைச் செய்யாமல் மூன்று லென்ஸ் வாங்கி, இரண்டை நஷ்டத்துக்கு விற்றேன்.

கேள்வி: ஆட்களுக்குக் கிட்டப் போக எனக்குக் கூச்சம். 55-250 லென்ஸ் வாங்கி, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: தாராளமாக எடுக்கலாம், தடை ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் சால் லெய்ட்டர் அடிக்கடி நீண்ட லென்ஸ்களோடு பனி, கண்ணாடி, குடை என்று அந்த அழகான வண்ணப் படங்களை எடுத்தார். ஆனால் அவர் கூச்சத்துக்காக அப்படி எடுக்கவில்லை. தெருவைத் தட்டையாக, வண்ண அடுக்குகளாகப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் அந்தப் பார்வை பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கூச்சத்துக்கு மருந்தாக மட்டும் வாங்காதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான லென்ஸை ஒருவர் மேல் நீட்டுவது, இரண்டு மீட்டரில் நின்று எடுப்பதைவிடச் சந்தேகத்தைக் கிளப்பும். ஒளிந்திருந்து எடுப்பது போல ஆகிவிடும். காசிமேட்டில் ஒரு காலை, ஏலம் முடிந்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைத் தூரத்திலிருந்து எடுத்தேன். "என்னத்துக்குப்பா அங்கேருந்து எடுக்குற, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். போனேன். கையில் அப்பியிருந்த செதிலைப் புடவை முந்தானையில் துடைத்துவிட்டு, நேராக என்னைப் பார்த்தார்கள். தூரத்தில் எடுத்த படங்களில் அவர்கள் யாரோ ஒருவர். கிட்டே எடுத்ததில் நெற்றி வியர்வையும், மூக்குத்தியில் ஒட்டியிருந்த ஒரே ஒரு செதிலும் இருக்கின்றன.

கிட்டே நின்று எடுக்க ஒரு தொழில்நுட்ப உதவியும் உண்டு. அகலமான லென்ஸை எஃப் 8-இல் வைத்து, 3 மீட்டரில் ஃபோகஸ் செய்து, அப்படியே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ. என்றால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை இருப்பதெல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். கேமராவைத் தூக்கினோம், எடுத்தோம், சிரித்தோம் என்று ஒரு நொடியில் முடிந்துவிடும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடக்கிறவர்களின் கால் இழுபடாது. 250 மி.மீ.யில் இந்த வசதி எதுவும் கிடையாது.

யாராவது வேண்டாம் என்று கையை அசைத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள்.

கேள்வி: சட்டைப் பையில் வைக்கக்கூடிய, லென்ஸ் மாற்றத் தேவையில்லாத கேமரா தேடுகிறேன். ரீக்கோ ஜிஆர் 3-ஆ, ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையின் ஆறாவதா? பணம் சேர்த்துவிட்டேன், முடிவுதான் எடுக்க முடியவில்லை. (கோவை வாசகர்)

பதில்: சட்டைப் பை என்று கேட்டால் ரீக்கோதான். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். ஃபியூஜி அதைப் போல இரண்டு மடங்கு, 521 கிராம், கழுத்திலோ தோளிலோதான் தொங்கும்.

ஜிஆர் வரிசை 1996-இல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கியது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தாய்தோ மோரியாமா இந்த வரிசை கேமராக்களோடு தெருவில் திரிந்தவர். ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 28 மி.மீ. கோணம், எஃப் 2.8. கேரி வினோகிராண்ட் நியூயார்க் நடைபாதைகளில் பயன்படுத்தியதும் 28-தான், ஆட்களுக்கு நடுவில் நின்றால்தான் அது பலன் தரும். அவ்வளவு அகலம் வேண்டாம் என்றால் ஜிஆர் 3எக்ஸ், 40 மி.மீ. கோணம். ஷட்டரை ஒரே அழுத்தில் கடைசி வரை அழுத்தினால், நீங்கள் முன்பே வைத்த தூரத்துக்கு ஃபோகஸ் தாவிவிடும். ஸ்நாப் ஃபோகஸ் என்பார்கள். மேலே தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்னதை இது ஒரு விரலில் செய்துவிடும்.

குறைகளையும் கேளுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. நம் ஊர்ப் பதினொரு மணி வெயிலில் திரை மங்கிவிடும். பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 200 படம், அதனால் இரண்டாவது பேட்டரி கட்டாயம். லென்ஸ் உள்ளே வெளியே நீண்டு மடங்குவதால் காலப்போக்கில் சென்சாரில் தூசி சேரலாம். பாக்கெட்டில் சில்லறையோடும் கைக்குட்டையோடும் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சீக்கிரம் வரும்.

ஃபியூஜியில் 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 35. அதன் ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் படச் சட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். சைக்கிள்காரர் சட்டத்துக்குள் நுழையப் போகிறார் என்பதைக் கால் நொடி முன்னால் பார்ப்பது பெரிய வசதி. லீஃப் ஷட்டர், சத்தமே கேட்காது. 40 மெகாபிக்ஸல் என்பதால் கொஞ்சம் வெட்டி எடுத்தாலும் தாங்கும். 2024-இல் வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. பட்டியலைத் தாண்ட அதிகம் கேட்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

நீங்கள் வெயில் நேரத்தில் எடுப்பவர் என்றால் ஃபியூஜி. அலுவலகம் போகும்போதும் வரும்போதும் கிடைக்கிற பத்து நிமிடங்களில் எடுப்பவர் என்றால் ரீக்கோ. 2025-இல் ஜிஆர் 4 வந்துவிட்டதால், 3-ஐப் பழையதாக விற்கிறவர்களிடம் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

கேள்வி: இரவுக் கடைத்தெரு எடுக்க ஃபுல் ஃப்ரேம் அவசியமா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு. எஃப் 5.6 ஜூமிலிருந்து எஃப் 2 லென்ஸுக்கு மாறினால் எட்டு மடங்கு வெளிச்சம் கூடுகிறது. முதலில் லென்ஸை மாற்றுங்கள். அப்புறம், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு 1/100 நொடியில் எடுங்கள்.

கேள்வி: பழைய நிக்கான் கேமராவும் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் விளம்பரத்தில் பார்த்தேன். நேரில் போகும்போது என்ன சோதிக்க வேண்டும்? (சென்னை வாசகர்)

பதில்: இதே வகை லென்ஸை எழும்பூரில் ஒரு டீக்கடையில் சந்தித்து 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோது உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை போல மெல்லிய வெள்ளை இழைகள். பூஞ்சை. சுத்தம் செய்ய 1,800 ரூபாய் ஆனது, அதற்குள் கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்திருந்தது. எதிர்வெயிலில் இன்றும் படம் வெளுக்கிறது.

ஆகவே டார்ச் எடுத்துப் போங்கள், செல்போன் விளக்கே போதும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் பாருங்கள். சின்னத் தூசி இருந்தால் பரவாயில்லை. இழை, மூட்டம் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்க் காற்றில் பீரோவுக்குள் மூடி வைத்த லென்ஸ்களில் இது சகஜம். பின்னால் இருக்கிற சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிவிட்டால் வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சரின் இதழ்கள் சட்டென்று திறந்து மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேமராவில் ஒரு ஜேபெக் படம் எடுத்து உங்கள் கார்டில் வாங்கிக்கொள்ளுங்கள். நிக்கானில் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பது படக் கோப்பிலேயே பதிவாகும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் இப்படிப் பார்க்க முடியாது. எஃப் 16-இல் வானத்தை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரியும். இன்னொன்று, டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருப்பதைக் குறிக்கும் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள்.

வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

கேள்வி: 78,000 ரூபாய் கேமராவை, பில் வேண்டாம் என்றால் 70,000-க்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். கேமராவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 78,000 ரூபாயில் வரி மட்டும் சுமார் 11,900. அதில் உங்களுக்கு 8,000-ஐ விட்டுக்கொடுக்கிறார், மீதி அவருக்கு. உங்கள் கையில் வாங்கியதற்கான சான்றே இருக்காது. இப்படி வருபவை பல நேரம் வெளிநாட்டிலிருந்து தனி வழியில் இறக்கியவை, நிறுவனத்தின் இந்திய வாரன்டி கிடைக்காது. மெயின் போர்டு போனால் 8,000 எந்த மூலைக்கு?

பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில் இருந்தால், பழுதான பொருளுக்கு முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டி, கேமராவின் அடிப்பக்கம், பில், வாரன்டி அட்டை நான்கிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.